மூன்று மாதத் தலைவர்

இதுவரை உலகத்தில் தோன்றிய சர்வாதிகாரிகள் அத்தனை பேரையும் எப்படிக் கவிழ்த்திருக்க வேண்டும் என்று முழுவதுமாகத் தெரிந்தவன் தான் ஒருவன் மட்டுமே என்று ஜெபிஷ் சொன்னான். சிரிக்காமல் சொன்னான். கடலரிப்பைத் தடுக்கக் கல் போட்டுக் கட்டிய தூண்டில் வளைவின் கடைசிக் கல்லில் சாரத்தை மடித்துக் கட்டி உட்கார்ந்துகொண்டு, கடலைப் பார்த்துச் சொன்னான். கடல் மறுக்கவில்லை.

பக்கத்துக் கல்லில் இருந்த ஸ்டெனிக்குத்தான் சந்தேகம் வந்தது. "மத்தவனுக்கெல்லாம் ஏம்ல தெரியாமப் போச்சு?"

"அவனுவ ஒண்ணு சண்டைக்குப் போனானுவ மக்கா. இல்லேண்ணா முட்டுகுத்தி ஜெபம் சொன்னானுவ. முட்டுகுத்துகது அடிமைக்க எக்சர்சைஸாக்கும். அதுல முட்டுதான் தேயும்."

"பொறவு என்னதான் செய்யணும்?"

"அத எழுதிட்டிருக்கேன்."

எழுதிக்கொண்டுதான் இருந்தான். நாகர்கோவிலில் கல்லூரி மூன்றாம் வருடம் படிக்கிறவன். கட்டுரையின் தலைப்பு, 'சர்வாதிகாரம்: தோற்றம், வளர்ச்சி, வீழ்ச்சி'. தோற்றம் முடிந்துவிட்டது. வளர்ச்சி கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. வீழ்ச்சிக்கு இரண்டு பக்கம் காலியாக விட்டிருந்தான்.

அந்த வளர்ச்சியின் பெயர் மத்தியாஸ்.

முட்டத்துக்கும் மண்டைக்காட்டுக்கும் நடுவில் கிடக்கிற குருசுதுறையில், போன வருடக் கடலேற்றம் தடுப்புச்சுவரையும் இரண்டு தெருவையும் கொண்டுபோனது. நிவாரணத்தில் சண்டை வந்து ஊர்க் கமிட்டியும் கூடவே போனது. வேறு வழியில்லாமல் ஐந்து பேரின் பெயரை எழுதிச் சுருட்டி, அந்தோணியார் சுரூபத்தின் காலடியில் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையைவிட்டுத் திருவுளச் சீட்டு எடுத்தார்கள். மத்தியாஸ் வந்தார். மூன்று மாதத்துக்கு மட்டும் தலைவர், கடல் அடங்கும்வரை.

கடல் அடங்கியது. மத்தியாஸ் அடங்கவில்லை.

"என்னய நீங்களா எடுத்தீங்க? கடவுளாக்கும் எடுத்தாரு," என்பார் எல்லாக் கூட்டத்திலும். "யூதாசு போன எடத்துக்கு அப்போஸ்தலமாரு சீட்டுப் போட்டு எடுத்த ஆளுக்க பேரு என்ன? மத்தியாஸ். கடவுள் போட்ட சீட்ட மனுசன் மாத்த முடியுமா? கையத் தூக்குங்க பாப்போம்." யாரும் கையைத் தூக்கவில்லை. மத்தியாசோடு வேண்டுமானால் மல்லுக்கட்டலாம். கூடவே கடவுளையும் இழுத்துவந்து நிறுத்துகிறவரிடம் என்ன செய்வது?

ஊர் நடுவில் சிலுவை நிற்கிற குருசடியின் உச்சியில் ஒலிபெருக்கி ஏறியது. அது காலையில் தலைவரின் செய்தியையும், சாயங்காலம் காலைச் செய்தியைக் கேட்காதவர்களின் பெயர்களையும் சொன்னது. நாலு பேர் கூடி நிற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. சீட்டாட்டம் ஒழிந்தது என்று பெண்கள் முதலில் சந்தோசப்பட்டார்கள். பிறகுதான் தண்ணீர்க் குழாயடியும் அதில் அடக்கம் என்று தெரிந்தது. மஞ்சள் தொப்பி போட்ட தொண்டர் படை வந்தது. திருவிழா பிளெக்ஸில் அந்தோணியாரைவிடத் தலைவர் ஒரு முழம் உயரமாக நின்றார். கையில் குழந்தை இயேசு இருந்தது ஒன்றுதான் புனிதருக்கு மிச்சம். பங்குச்சாமியார் மாறுதல் உத்தரவை எதிர்பார்த்து இருக்கிறவர்; ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

இதையெல்லாம் ஜெபிஷ் 'வளர்ச்சி' பகுதியில் உற்சாகமாக எழுதிக்கொண்டிருந்தபோதுதான், ஒரு ஊர்க்கூட்டத்தில் அவன் அம்மா எழுந்தாள்.

வியாகுலம்மாள் மீன்காரி. விடியற்காலையில் கடற்கரை ஏலத்தில் சாளையோ நெத்திலியோ எடுத்து, சருவத்தில் நிறைத்துத் தலையில் ஏற்றித் திங்கள்சந்தைக்குப் போவாள். சர்வாதிகாரம் பற்றி அவளுக்கு எந்தக் கருத்தும் கிடையாது. ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது.

"தலைவரே, இந்த மூணு மாசம் எண்ணைக்குத் தீரும்?"

வருகிற ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக மத்தியாஸ் சொன்னார். என்ன பதில் என்று எல்லோருக்கும் தெரியும். ஊர்விலக்கு. அப்புறம் கடற்கரையில் ஒருவரும் அவளுக்கு மீன் கொடுக்கமாட்டார்கள், கடையில் உப்பு கொடுக்கமாட்டார்கள், முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். பேசினவருக்கும் அதே கதி. ஊர் விவகாரத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோனால் அதற்குத் தனித் தண்டனை. சருவம் கவிழ்ந்தால் வீட்டில் அடுப்பு கவிழும். ஜெபிஷின் கல்லூரியும் அந்தச் சருவத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

ஊர்விலக்குக்கு ஒரு முறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து, கொடிமரத்தின் கீழே, கூடியிருக்கிற ஊரின் காதில் விழ, குடும்பத்தின் பெயரைச் சொல்லி, தலைவர் தன் வாயால் ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வேண்டும். அதுவும் மத்தியான மணி அடிப்பதற்குள். பாதியில் நின்றால் செல்லாது.

முதல் ஞாயிறு. மத்தியாஸ் கொடிமரத்தடியில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். "இந்த ஊருக்க ஒற்றுமையக் கெடுக்க நெனைக்க வியாகுலம்மாளுக்க குடும்பம்..."

"பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே," என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் எழுந்தது. பக்கத்து வீட்டு ஞானசெல்வி. கண்ணை மூடி, மணலில் முழங்காலை ஊன்றி முட்டுகுத்தி, கையில் ஜெபமாலையோடு இருந்தாள்.

அந்த ஊரில் யார் குருசு வரைந்தாலும் பார்க்கிறவன் கையும் தானாக நெற்றிக்குப் போகும். மூளையைக் கேட்டுவிட்டுப் போகிற கை இல்லை அது. மொத்த ஊரும் குருசு வரைந்தது. மத்தியாசும் வரைந்தார். வரைந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்குப் புரிந்தது. தொடங்கின ஜெபத்தைப் பாதியில் முறிப்பவன் வலையில் ஒன்றுக்கும் உதவாத சொறிமுட்டைகூட ஏறாது என்பது கடல்மேல் போகிறவர்களுக்குத் தெரியும். தலைவருக்கு வள்ளம் இரண்டு. அவர் தோள் துண்டை மணலில் விரித்து முட்டுகுத்தினார்.

ஜெபமாலைக்கு ஐம்பத்து மூன்று அருள் நிறைந்த மந்திரம். முடிந்ததும் அவர் வாயைத் திறந்தார். மாதா பிரார்த்தனை தொடங்கியது. அது முடிந்ததும், செத்தும் மோட்சம் சேராமல் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு. பிறகு கடலில் இறந்தவர்களுக்கு, பெயர் பெயராக. குருசுதுறையில் கடலில் இறந்தவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. மத்தியாசின் அப்பா பெயரும் வந்தது. அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மத்தியான மணி அடித்தது. ஊர் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு குழம்பு வைக்கப் போனது.

அந்தக் கூட்டத்தில் முட்டுகுத்தாமல் நின்றவன் ஒருவன்தான். மதில் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு, வரலாறு பார்ப்பது போல ஜெபிஷ் நின்றான்.

"அம்ம, இதுக்குப் பேரு எதிர்ப்பு இல்ல," என்றான் வீட்டில். "தள்ளிப்போடுகது."

வியாகுலம்மாள் மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். "தள்ளிப்போடுகதுக்கு என்னலே கொறச்சல்? ஒனக்க அரியர் பேப்பர நீ ரெண்டு வருசமா அப்பிடித்தான வச்சிருக்க?"

"அது வேற. இதுல முட்டு தேயுமே தவிர..."

"எனக்க முட்டு தேயட்டும். ஒனக்கு வலிக்குதா? போய் தேங்கா திருவு."

திருவினான். திருவும்போது 'மதமும் கூட்டு மயக்கமும்' என்று ஒரு உட்தலைப்பு தோன்றியது.

நடு வாரத்தில் மத்தியாஸ் ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் ஊர்விலக்கைப் போட்டுப் பார்த்தார். போட்ட கையோடு பெண்கள் ஆளுக்கொரு காலை வணக்கப் படம் அனுப்பினார்கள். இருதய ஆண்டவர், வேளாங்கண்ணி மாதா, ரோஜாப்பூ, மறுபடி இருதய ஆண்டவர். உத்தரவைத் தேடிப் பிடிக்க மேலே மேலே தள்ளிப் பார்த்துத் தலைவருக்கே பெருவிரல் வலித்தது. வாயால் சொல்லாதது செல்லாது என்று பெரியவர்களும் சொல்லிவிட்டார்கள். "வாட்ஸ்ஆப்புல தாலி கெட்டுனா செல்லுமா?"

இரண்டாம் ஞாயிறு அவர் மைக்கோடு வந்தார். ஞானசெல்வி மைக்கில்லாமல் வந்தாள். ஒலிபெருக்கி அவள் குரலையும் வாங்கிக்கொண்டு போய் அடுத்த ஊர்வரைக்கும் ஜெபமாலை சொன்னது. அங்கேயும் சிலர் முட்டுகுத்தியதாகக் கேள்வி.

ஜெபிஷுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை; பகலில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. தூண்டில் வளைவின் முனைக்கும் ஏலக்கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தான். கட்டுரையை எடுத்தால் வீழ்ச்சிப் பக்கம் வெறுமையாக முறைத்தது. எதிரே மஞ்சள் தொப்பியோடு ஸ்டெனி வந்தான்.

"ஏலே, நீயுமா?"

"வீட்டுக்கொரு ஆளு வரணுமாம் மக்கா. எனக்க அப்பனுக்குத் தொப்பி சேரல்ல." ஸ்டெனி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இந்த ஞாயிறு ஒண்ணும் நடக்காது, கேட்டியா? ஒவ்வொரு பெம்பளைக்குப் பக்கத்துலயும் ஒரு தொப்பி நிப்பான். எவ வாயத் தொறக்காளோ அவளுக்க குடும்பமும் சேந்து வெளிய. வீடு வீடாப் போய் சொல்லியாச்சு."

"நீ எவளுக்குப் பக்கத்துல?"

"ஒனக்குப் பக்கத்துல." ஸ்டெனிக்கு வெட்கமாக இருந்தது. "ஒன்னப் பத்திப் பயமில்லையாம். நீ ஜெபம் சொல்லமாட்டேண்ணு தலைவருக்குத் தெரியும். சும்மா ஒரு கணக்குக்கு நிக்கச் சொன்னாரு."

மூன்றாம் ஞாயிறு வெயில் முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிட்டது. பெண்கள் பக்கம் மஞ்சளாக இருந்தது. ஞானசெல்வியின் இரண்டு பக்கமும் இரண்டு தொப்பி. அவள் கையில் ஜெபமாலை இருந்தது. வாய் இறுகி இருந்தது. வீட்டில், பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கக் காத்திருக்கிற மகள் இருக்கிறாள். வியாகுலம்மாள் யாரையும் பார்க்காமல் முன்வரிசையில் இருந்தாள். தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாது, பார்த்தால் அவர்களுக்குச் சங்கடம் என்பது போல மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியாஸ் அவசரப்படவில்லை. சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். "அந்தோணியாருக்க கொடிமரத்துக்குக் கீழ நிண்ணு சொல்லுகேன்."

யாராவது தொடங்குவார்கள் என்று ஜெபிஷ் பெண்கள் பக்கம் பார்த்தான். ஒருத்தியும் இல்லை. ஆண்கள் பக்கம் பார்த்தான். ஆண்கள் கடலைப் பார்த்தார்கள். பங்குச்சாமியார் பங்களாவின் ஜன்னலைப் பார்த்தான். திரை ஆடியது.

"இந்த ஊருக்க ஒற்றுமையக் கெடுக்க நெனைக்க..."

பையில் கட்டுரை இருந்தது. எடுத்து வாசித்தால்? முதல் வரி முடிவதற்குள் தொப்பிகள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். தலைவர் மிச்சத்தைச் சொல்லி முடித்துவிடுவார். சத்தம் போட்டால்? அதுவும் அப்படித்தான். இது அவன் கட்டுரையிலேயே இருந்தது, வளர்ச்சிப் பகுதியில், ஒரு அடிக்குறிப்பாக. உலகத்தில் இதுவரை தோன்றிய சர்வாதிகாரிகள் அத்தனை பேரையும் கவிழ்க்கத் தெரிந்தவனுக்கு, இந்த ஒருவரின் ஒரு வாக்கியத்தை நிறுத்த எதுவும் கைவசம் இல்லை.

"வியாகுலம்மாளுக்க குடும்பம்..." மத்தியாஸ் குரலை உயர்த்தினார். இனி 'இண்ணு முதல்' என்று தொடங்கினால் முடிந்தது.

"பிதா," என்று யாரோ சொன்னார்கள். குரல் கீச்சென்று இருந்தது. யாரென்று ஜெபிஷ் திரும்பிப் பார்க்க நினைத்தபோது தன் கை நெற்றியில் இருப்பதைக் கண்டான். "சுதன்..."

பக்கத்தில் ஸ்டெனி தொப்பியைக் கழற்றினான். அவனுக்கு இட்ட உத்தரவு பெண்களைப் பற்றித்தான். அவன் முட்டுகுத்தினான், அடுத்த தொப்பி முட்டுகுத்தியது, ஊர் மொத்தமும் ஒரு பெரிய மூச்சோடு மணலில் இறங்கியது. மத்தியாசின் கை நெற்றிக்கும் நெஞ்சுக்கும் போய், இடது தோளில் ஒரு கணம் நின்று, வேறு வழியில்லாமல் வலது தோளுக்கும் போனது.

ஜெபிஷ் முட்டுகுத்தினான். மணல் சுட்டது.

ஜெபமாலையில் ஞாயிற்றுக்கிழமைக்கு உரியவை மகிமைத் தேவ இரகசியங்கள். அவனுக்கு ஞாபகத்தில் வந்தவை வெள்ளிக்கிழமைக்கு உரிய துயரத் தேவ இரகசியங்கள். "தோட்டத்துல இரத்த வேர்வை..." என்று தொடங்கினான். ஒருவரும் திருத்தவில்லை. முன்வரிசையில் அம்மாவின் முதுகு லேசாகக் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

அவனிடம் ஜெபமாலை கிடையாது. விரலை மடித்து எண்ணினான். நாலாவது விரலில் கணக்குத் தப்பியது. ஸ்டெனி தன் கழுத்தில் கிடந்ததைக் கழற்றி, பார்க்காதது போல அவன் கையில் திணித்தான். வியர்வையில் நனைந்த பிளாஸ்டிக் மணிகள்.

கொடிமரத்தடியில் மத்தியாஸ் முட்டுகுத்தி இருந்தபடியே கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். ஜெபிஷ் அதைப் பார்த்தான். முட்டுக்குக் கீழே ஏதோ சிப்பி குத்தியது. நகராமல், மணியை இரண்டு விரலுக்கு நடுவில் இறுகப் பிடித்துக்கொண்டு, அடுத்த அருள் நிறைந்த மந்திரத்தை முந்தினதைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லத் தொடங்கினான்.