புலி காட்டிய பச்சை

என் மகள் போமிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு புலி. பள்ளியில் கொடுத்த டேப்லெட்டுக்குள் குடியிருக்கும் மஞ்சள் புலி. விடை சரியென்றால் கைதட்டிக் குதிக்கும். தப்பென்றால், பரவாயில்லை, வேறொன்று பார்ப்போம் என்று வாலை ஆட்டும். வெள்ளிக்கிழமை தவறாமல் என் போனுக்கும் செய்தி அனுப்பும்: 'இந்த வாரம் போமி நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு.' தென்கொரியாவின் மொக்போ ஊர்ச் சந்தையில் தொடுகறிக் கடை வைத்திருப்பவள் நான். கிம்ச்சி ஊறுகாய் மசாலா அப்பிய கையை அவசரமாகத் துடைத்துக்கொண்டு அந்தச் செய்தியைத் திறப்பேன். வாடிக்கையாளர்களிடம் காட்டாமல் விடமாட்டேன்.

அந்தப் புலியை நம்பித்தான் போமியை டியூஷனிலிருந்து நிறுத்தினேன். எட்டாம் வகுப்புப் பிள்ளையை இந்த ஊரில் டியூஷனிலிருந்து நிறுத்துகிற ஒரே தாய் நான்தான் என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். பேசட்டுமே. ஆனால் போமியே மறுபடி சேர்த்துவிடச் சொல்லி நச்சரிக்க ஆரம்பித்தாள். தோழிகளோடு அரட்டையடிக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"தொண்ணூத்திரெண்டு வாங்குறவளுக்கு எதுக்குடி டியூஷன்?"

"அது புலி சொல்றதும்மா. நான் சொல்றேன், எனக்குக் கணக்கு வரல."

புலியா மகளா, யார் சொல்வது உண்மை என்று எனக்குப் பிடிபடவில்லை. அக்டோபரில் பெற்றோர் வந்து பாடம் நடப்பதைப் பார்க்கும் திறந்த வகுப்பு வந்தது. நேரில் பார்த்துவிடுவது என்று கடைக்கு அரைநாள் விடுமுறை விட்டுப் போனேன்.

பள்ளியில் கொடுத்த விருந்தினர் செருப்பை மாட்டிக்கொண்டு வகுப்பின் பின்சுவரை ஒட்டி வரிசையாக நின்றோம். எனக்குப் பக்கத்தில் கியுவோன் அம்மா. தன் மகன் தலைநகர் சியோலுக்குப் போய்ப் படிக்கப் போவதை மூச்சுக்கு மூச்சு சொல்பவர். போமியின் டியூஷனை நான் நிறுத்தியதைக் கேள்விப்பட்டு, உங்களுக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்திதான் போமி அம்மா என்று பாராட்டுவது போலவே குத்தினார். முன் மூலையில் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த பெண் அதிகாரி நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்.

கணக்கு வாத்தியார் யோம் சார் கழுத்துப்பட்டையெல்லாம் கட்டி வந்திருந்தார். நேர்கோட்டின் சாய்வுதான் அன்றைய பாடம். பிள்ளைகள் டேப்லெட்டில் குனிந்து கணக்குப் போடப் போட, பெரிய தொடுதிரையில் அவர்கள் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. கடைசியில் ஒரு பெயர்கூட சிவப்பில் இல்லை. பெற்றோர்கள் கைதட்டினோம். போமி பெயரும் பச்சை. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"யாரு வந்து இந்தக் கோட்டைத் திரையில சரியான இடத்துக்கு நகர்த்திக் காட்டுறீங்க?" என்றார் யோம் சார்.

மொத்த வகுப்பும் கையைத் தூக்கியது. போமியும் தூக்கினாள். தூக்கியது இடது கை.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நாங்கள் படித்த காலத்திலும் வெளியாள் வகுப்பைப் பார்க்க வரும்போது முதல் நாளே ஒத்திகை நடக்கும். விடை தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்க வேண்டும், தெரியாதவர்கள் இடது கையை. யாரும் சும்மா உட்காரக் கூடாது. வாத்தியார் வலது கையாகப் பார்த்துக் கூப்பிடுவார், மானம் தப்பும். டேப்லெட் வந்தது, புலி வந்தது, அந்த வழக்கம் மட்டும் போகவில்லை.

யோம் சார் ஒரு வலது கையைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் அதிகாரி குறுக்கிட்டார். "ஜன்னலோரமா உக்காந்திருக்கே, அந்தப் பொண்ணு வரட்டுமே சார்."

அவரும் நம் பள்ளிகளில் படித்தவர்தானே. தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா, அப்போது எனக்கு விளங்கவில்லை. போமி எழுந்து போனாள். திரையில் கோடு சாய்ந்து கிடந்தது. அதைத் தொடக்கூட இல்லை அவள். அவள் கொஞ்சம் கூச்ச சுபாவம் என்று யோம் சார் அவசரமாகச் சமாளித்தார்.

"உன் பேரு பச்சையா இருக்கேம்மா. உன் டேப்லெட்ல போட்டதையே இங்க போடு, போதும்," என்றார் அதிகாரி.

"எனக்கு வந்த கணக்கு இது இல்ல மேடம்."

"பின்ன?"

"அரையும் காலும் கூட்டுனா எவ்வளவுன்னு வந்துச்சு. அஞ்சாம் வகுப்புக் கணக்கு. தப்பாப் போட்டா புலி கீழ் வகுப்புக் கணக்காக் குடுக்கும். ஜூன்லேருந்து எனக்கு அதுதான்."

யோம் சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கருவி தானாகவே அவரவர் தரத்துக்கு இறங்கிவிடுகிறது, பச்சை குறைந்தால் அலுவலகத்தில் கேள்வி கேட்கிறார்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் சொன்னதிலும் பொய்யில்லை. ஆனாலும் அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

அதிகாரி வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாரும் முன்ன தூக்குன மாதிரியே கையைத் தூக்குங்க. சரி. இப்ப வலது கை தூக்குனவங்க மட்டும் கீழ போடுங்க."

அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

கைகள் இறங்கின. இறங்காமல் நின்றவை பாதி வகுப்புக்கு மேல் இருக்கும். திரையில் எல்லாப் பெயர்களும் அப்படியே பச்சையாக மின்னிக்கொண்டிருந்தன. பின்சுவரோரம் நின்ற ஒவ்வொருவரும் எட்டி எட்டித் தன் பிள்ளையின் கையைத் தேடினார். இரண்டாவது வரிசையில் கியுவோனின் கை நின்றது.

"அவன் இடது கைப் பழக்கம்," என்றார் கியுவோன் அம்மா, யாரும் கேட்காமலே.

என் கடைக்கு வந்தால் அந்தப் பையன் காடை முட்டையைக் குச்சியால் எடுத்துச் சாப்பிடுவது வலது கையால்தான். வேறொரு நாளாக இருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். அன்று அவர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் விலக்கவில்லை.

திரைக்கு முன்னால் போமி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். யாரும் சொல்லாமலே அவளும் மறுபடி இடது கையைத் தூக்கியிருந்தாள். அதிகாரியை அவள் பார்க்கவில்லை, வாத்தியாரையும் பார்க்கவில்லை. அத்தனை தலைகளுக்கும் மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடது கையைக் கண்டால் காணாதது போலத் தாண்டிப் போவதுதான் எங்கள் ஊர் வழக்கம். இத்தனை மாதமாக நானும் வீட்டில் அதையேதான் செய்திருக்கிறேன். இப்போது வகுப்பென்றும் பாராமல் கூப்பிட்டேன்.

"போமி, நீ சொல்லு."

கையை இறக்காமலே சொன்னாள். "எனக்கு ஒண்ணுமே புரியலம்மா."