சூரியனைப் பிரித்துத் தைத்த தையல்காரர்

தையல்காரருக்கு ஒரே ஓர் ஆசைதான் பாக்கி. தான் எழுதிய கவிதை ஒன்றையாவது மேடையில் கடைசி வரி வரைக்கும் படித்துவிட வேண்டும். தெருச் சங்கக் கூட்டங்களில் அவருக்கு எப்போதும் டீக்கு முந்தைய இடத்தைத்தான் ஒதுக்குவார்கள். தொண்டையைச் செருமி இரண்டு வரி படிப்பதற்குள் பின்பக்கம் தம்ளர்கள் கலகலக்கும், கூட்டம் எழுந்து போய்விடும். அவருடைய மூன்றாவது வரியை இதுவரை கேட்டது தையல் மெஷின் மட்டும்தான்.

இந்த முறை அப்படி ஆகாது என்று நம்பினார். புயலில் அறுந்த மின்கம்பியைக் கம்பத்தில் ஏறி இணைத்து, இருண்டு கிடந்த தெருவுக்கு வெளிச்சம் கொண்டுவந்தவர் எலக்ட்ரீஷியன். தையல்காரர் மனைவிக்கு அவர் சொந்த அண்ணன். தெருவே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. பாராட்டு விழாவில் முதல் நிகழ்ச்சியே கவிதைதான் என்று சங்கத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

தையல்காரர் கவிதையையும் சட்டை மாதிரியேதான் தைப்பார். உள்ளே தாராளமாகத் துணி விட்டு வைத்தால், ஆள் பெருத்தாலும் இளைத்தாலும் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம் அல்லவா?

'கம்பத்தில் ஏறிய சூரியனே! எங்கள் வீடெல்லாம் பளிச்சென்றதே!' என்று ஆரம்பித்து, பன்னிரண்டு வரிகளை மச்சான் அளவுக்குக் கச்சிதமாக முடித்தார்.

விழா அன்று மதியம் மச்சான் போட்ட இணைப்பு நழுவியது. மின்சாரம் தறிகெட்டுப் பாய்ந்து, தெருவிலிருந்த டிவி, பிரிட்ஜ், மிக்ஸி எல்லாம் ஒரே மூச்சில் கருகின. சங்கத் தலைவர் கடைக்குள் பாய்ந்து வந்தார்.

"சூரியனை எடுத்துடுங்க! ஜனங்க கொதிச்சுப்போய் இருக்காங்க. நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வரி திட்டிப் படிங்க."

"அவரு என் மச்சான் சார்."

"இருக்கட்டுமே. ஒரு வீட்லயும் டிவி ஓடலை, அதனால தெருவே வரும். டீயும் கிடையாது, கெட்டில் எரிஞ்சுபோச்சு."

டீ கிடையாது! தையல்காரருக்குத் தலை கிறுகிறுத்தது. பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது: "எங்க அண்ணனப் பத்தி ஒரு வார்த்தை தப்பா வந்துது, அப்புறம் நீங்க கடையிலேயே படுத்துக்கலாம்."

கடையிலும் படுக்க வசதியாகத்தான் இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, சூரியனைப் பிரித்துப்போட்டுக் குரங்கைத் தைத்தார்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் மச்சான் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கம்பத்தில் ஏறிய குரங்கே! எங்கள் வீடெல்லாம் புஸ்ஸென்றதே!"

விசில் பறந்தது. "இன்னொரு தடவை!" என்று கத்தினார்கள். படித்தார். மறுபடி கேட்டார்கள். மறுபடியும் படித்தார். மூன்றாவது வரிக்கு வாயைத் திறந்தபோது கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மண்டபத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"ஐயா, இன்னும் பத்து வரி இருக்குய்யா!" என்று அவர் மேலேயிருந்து கதறினார்.

அப்போது மனைவி நாற்காலி மேல் ஏறி நின்றாள். "கம்பத்துல சறுக்கி எங்க அண்ணனுக்கு ரெண்டு உள்ளங்கையும் தோல் உரிஞ்சு கிடக்கு. நான்தான் சோறு ஊட்டுறேன். அண்ணே, கையைக் காட்டுங்க!"

மச்சான் கையைக் காட்டினார். மண்டபம் உச்சுக்கொட்டியது.

"என் பிரிட்ஜ் எப்படியும் பழசுதாங்க," என்று மூக்கை உறிஞ்சினாள் அழகு நிலையக்காரி.

"சொந்த மச்சானையே குரங்குங்கிறான். இவனெல்லாம் ஒரு மனுஷனா?" என்றார் அவரைச் சுமந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர். தையல்காரர் தொப்பென்று தரையில் விழுந்தார்.

"இவனைத் திட்டி ஒரு கவிதை படிச்சாத்தான் மனசு ஆறும்!"

"யாருக்குப்பா எழுதத் தெரியும்?"

எல்லாத் தலைகளும் மெல்லக் கீழே, தையல்காரர் பக்கம் திரும்பின. அவர் இடுப்பைத் தடவிக்கொண்டே காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"நானே எழுதித் தர்றேன். ஆனா முழுசாக் கேட்கணும்."

'கம்பத்தில் ஏறிய' என்பதைப் பிரித்துக் 'கத்தரி பிடித்த' என்று தைத்தார். குரங்கு அப்படியே பொருந்தியது. மீதி வரிகளில் கை கூசாமல் தன்னைத் தானே வெட்டினார். பிறகு மேடையேறிப் படித்தார். மூன்றாவது வரி வந்தது. ஒருவரும் அசையவில்லை. ஆறாவது வரியில் சிரிப்பு, ஒன்பதாவதில் கைதட்டல், பத்தாவதில் மயான அமைதி. கடைசி வரியை ஆசை தீர, நிறுத்தி நிதானமாகப் படித்து முடித்தார்.

மச்சான் எழுந்து வந்து முழங்கையால் அவரை அணைத்துக்கொண்டார். "மாப்ளே, அந்தப் பத்தாவது வரி கொஞ்சம் ஓவர். நான்கூட உங்கள அவ்வளவு மோசமா நினைக்கலை."

கூட்டத்தில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாவம், வாயில்லாப் பூச்சி. அந்தத் தையல்காரரைப் போய் இப்படியா திட்டுறது? எவன்யா இதை எழுதினவன்? அவனைப் பிடிங்கய்யா!"