கொடி நட்ட இடம்

வசந்தம் முடிகிற நேரத்து வெயில். கடலோரத்தில் பறவை காட்டக் கூட்டிப்போகும் வழிகாட்டி, உப்புக்கொத்திக் குருவி மணலில் இட்டிருந்த முட்டைகளை யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று காலையில்தான் பக்கத்தில் ஒரு சிவப்புக் கொடி நட்டார். அதுவே வினையாகிப் போனது. கொடியைக் கண்டு ஊரே வந்து மொய்த்துக்கொண்டது. தாய்க்குருவி கிட்டே வர முடியாமல் தூரத்தில் நின்று கத்தியது.

"தள்ளி வாங்கம்மா, தாய் வந்து மேல உட்காரலேன்னா வெயில்ல முட்டை வெந்துடும்," என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கெஞ்சினார்.

"ஒரே ஒரு போட்டோண்ணே," என்றார்கள் ஆளாளுக்கு.

ஒருவழியாகக் கூட்டம் கலைந்தது. தாய்க்குருவி தயங்கித் தயங்கி முட்டைகளை நோக்கி நடந்தது. அதற்குள் ஒரு காகம் வந்து கொடிக்கம்பின்மேல் உட்கார்ந்து கீழே எட்டிப் பார்த்தது.

விரட்டக் கையை ஓங்கினார். பறந்து போனது குருவிதான். காகம் அசையவே இல்லை.