கொட்டத்தில் ஒளித்த வயிறு

புதன்கிழமை காலை நர்சம்மா இசைவாணியின் குடை ஊர் எல்லையில் தெரிந்ததுமே, கருத்தக்கண்ணன் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தான். அன்னக்கொடிக்கு ஏழு மாதம். ஒன்றும் கேட்காமல் எழுந்து மாட்டுக் கொட்டத்துக்குள் போய், வைக்கோலுக்குப் பின்னால் குந்திக்கொண்டாள். எழுமலைக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்ன ஊரில் தொண்ணூறுகளில் இந்தக் கூத்து பல வீடுகளில் நடந்தது.

"வீட்டுல யாரும் மாசமா இருக்காகளாண்ணே?"

"இல்லத்தா. அவ ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கா."

இசைவாணி கொட்டத்துப் பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "இருந்தா வரச் சொல்லுங்க. ரெண்டு ஊசிதான். தாய்க்கும் புள்ளைக்கும் ஜன்னி வராமக் காக்கும். வயித்துப் புள்ளைக்கு ஒரு கேடும் செய்யாது. நானே ரெண்டு புள்ளைக்கும் மாசமா இருந்தப்போ போட்டுக்கிட்டவதான்."

அவள் போனதும் அன்னக்கொடி கேட்டாள். "அந்தம்மா நல்லதுதான சொல்லுது. போட்டுக்கிட்டா என்ன?"

"கரு கலைஞ்சு போகும். பேசாம இரு."

அது பொய் என்று அவனுக்கே தெரியும். ஊசி போட்டால் பெயரை எழுதுவார்கள். எழுதினால், பிறந்த பிள்ளை எங்கே என்று தேடி வருவார்கள். ஏற்கெனவே இரண்டு பெண். மூன்றாவதும் பெண்ணானால் அதை என்ன செய்வதென்று அந்த மகராசன் முன்பே முடிவு செய்து வைத்திருந்தான்.

பிறந்ததோ ஆண். வீட்டிலேயே பிரசவம். கதிர் அறுக்கும் பன்னருவாளால் தொப்புள்கொடியை அறுத்து, அடுப்புச் சாம்பலை அப்பினார்கள். கருத்தக்கண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவரைப் போலவே பிள்ளையும் வாழணும் என்று, ஊரிலேயே வசதியான மனிதரைக் கூட்டிவந்து பிள்ளையின் நாக்கில் சீனித் தண்ணீரைச் சேனை வைக்கச் சொன்னான். வீடு வீடாக மிட்டாய் கொடுத்தான்.

ஒரு வாரத்தில் பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தியது. வாய் திறக்கவில்லை. தொட்டால் உடம்பு வில்லாக வளைந்தது. தெருவில் சைக்கிள் மணி அடித்தாலும் வளைந்தது. அன்னக்கொடியின் சேலை பால் கசிந்து நனைந்தது, பிள்ளை பட்டினியாகக் கிடந்தது.

மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "ரண ஜன்னி. அருவா, சாம்பல் வழியா கிருமி ஏறியிருக்கு. மாசமா இருக்கையில ஊசி போட்டிருந்தா புள்ளையக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். பொழுது சாய்வதற்குள் பிள்ளை போய்விட்டது.

துணியில் சுற்றிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அன்னக்கொடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவன், "எம்புட்டு நாள் காத்துக் கெடந்தேன் ராசா" என்று தேம்பினான்.

"அழுகாதீக" என்றாள் அவள். "எதுக்கு என்னைய ஒளிச்சு வச்சீகன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீகளா? பொண்ணாப் பொறந்தாக் கொல்லணும்னுதான ஒளிச்சீக. அப்படி ஒளிச்சதுதான் இவனையும் கொன்னுருச்சு. ஒங்க கையால செய்ய இருந்தது தானா நடந்துருச்சு, அம்புட்டுத்தான்."

பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

அடுத்த புதன்கிழமையும் குடை தெரிந்தது. பக்கத்து வீட்டு ராக்கம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொட்டத்துக்கு ஓடினாள். பச்சை உடம்புக்காரி அன்னக்கொடி குறுக்கே போய் நின்று அவள் கையைப் பிடித்தாள்.

"எங்கடி ஓடுற? அந்த ஊசி எந்தப் புள்ளையையும் கலைக்காது. அதுக்கு ஒளிஞ்சதுனாலதான் எம்புள்ள மண்ணுக்குள்ள கெடக்கு. ஆணோ பொண்ணோ, வயித்துல இருக்கறது உசுரோட வளரணும்னா மொதல்ல போய்க் கையக் காட்டு."