கட்டுவித்தார்

வெண்கலப் பலகை வார்த்து வந்துவிட்டது. நாளைக் காலை திறப்பு விழா. அதில் பிழை இருந்தது.

'வில்னியஸ் நகரின் இந்த மாளிகையை 1781இல் தர்க்வைனிஸ் பிரபு கட்டினார்.'

எய்மாந்தே மூன்று முறை படித்தாள். நகராட்சியில் அவள் மொழித் திருத்துநர். அவள் கையெழுத்து இல்லாமல் எந்தப் பலகையும் சுவரேறாது. போன மாதமே 'கட்டுவித்தார்' என்று திருத்தி அனுப்பியிருந்தாள். லித்துவேனிய மொழியில் அதற்கு நான்கு எழுத்துதான் கூடுதல்.

இயக்குநர் விகண்டாஸ் காப்பிக் கோப்பையோடு வந்து நின்றார். "இன்னும் கையெழுத்துப் போடலையா? பிரபுவோட வாரிசு வார்சாவிலேர்ந்து கெளம்பியாச்சு."

"வார்த்தை மாறியிருக்கு சார்."

"நான்தான் மாத்தினேன். இடம் பத்தல. நாலு எழுத்துக்காக ஏம்மா உயிர வாங்குறீங்க?"

அவளுக்கு முகம் சிவந்தது. வழக்கமாக அதோடு பேச்சு நின்றுவிடும். இன்று நிற்கவில்லை.

"அவரு கல்லு தூக்கினாரா சார்?"

"என்னது?"

"சாந்து குழைச்சாரா? சாரம் ஏறினாரா?"

"எல்லாரும் அப்படித்தானே சொல்றோம். போன வருஷம் நான்கூடத்தான் வீடு கட்டினேன்."

"உங்க கொத்தனார் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனாருல்ல?"

பிரபுவின் பண்ணையடிமைகள் நாற்பது பேர் நடத்தியே கூட்டிவரப்பட்டார்கள். திரும்பிப் போனவர்கள் முப்பத்தொரு பேர். மாதா கோயில் இறப்புப் பதிவேட்டில் ஒரு வரியை அவள் கண்ணாலேயே பார்த்திருந்தாள்: 'யூர்கிஸ் ஷ்வில்பா, தர்க்வைனிஸின் ஆள், கூரையிலிருந்து விழுந்தான்.' ஷ்வில்பா, அவள் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர்.

"இந்தக் கூரையிலேர்ந்து விழுந்து செத்தது எங்க ஆளு சார்."

விகண்டாஸ் சிரித்தார். "ஓ, சொந்த விஷயமா? நான் இலக்கணம்னு நெனச்சேன்."

"இலக்கணம்தான்."

பலகைக்கான ஒப்புதல் படிவத்தை இழுத்தாள். சிவப்பு மையில் எழுதினாள்: 'பிழை. வினையைச் செய்தவர் வேறு.' பேனா காகிதத்தைக் கிழித்தது. கையெழுத்துக் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"வேலை போயிடும், தெரியும்ல?"

"தெரியும். வேற ஆளத் திருத்தச் சொல்லுங்க. அவங்களும் இதத்தான் எழுதுவாங்க."

மறுநாள் சுவரில் பலகை இல்லை. அதற்காகத் துளைத்த நான்கு துளைகள் மட்டும் இருந்தன. அவற்றுக்குக் கீழே வாரிசு பூங்கொத்தோடு விழித்துக்கொண்டிருந்தார். விகண்டாஸ் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்த மாளிகையைக் கட்டினார் நம்ம பிரபு..."

"கட்டுவித்தார்!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. எய்மாந்தேவுக்கு முகம் சிவக்கத்தான் செய்தது. இன்னொரு முறை கத்தினாள்.