அரைப் பேர்

தாய்ப்பாலின் விலை இருபதரைச் சதம். 1929இல், தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பேரம் பேச இடமில்லாத விலை அது. அங்கே 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி. பெண்ணாளுக்கு நாற்பத்தொரு சதம். கொழுந்து எடுக்கிறவள் நடுவில் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கி, அங்கே விட்டுவந்த குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு ஏறி வந்தால், கணக்கப்பிள்ளை பொன்னுத்துரை செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் அரைப் பேர் போடுவார். நாலு மாதப் பிள்ளைக்காரி கத்தரீனாவின் பேர் அந்த மாதம் முழுதும் பாதியாகவே கிடந்தது.

கண்டியில் கன்னியாஸ்திரீகளிடம் ஐந்தாவது வரை படித்தவள். அந்தப் படிப்பு அவளுக்குத் தேடித் தந்தது, லயத்து வரிசை வீட்டாருக்கு வரும் கடிதங்களை ஓசியில் வாசித்துச் சொல்லும் உத்தியோகம் மட்டும்தான். தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை என்று கேள்விப்பட்ட அன்றே, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பொன்னுத்துரை முன்னால் போய் நின்றாள். மாதம் பதினாலு ரூபா. மலை ஏற வேண்டாம். அட்டைக் கடி இல்லை.

"எழுதப் படிக்கத் தெரியுங்க, ஐயா."

"தெரியாமலோ? போன மாசம் என்ரை கணக்கிலேயே பிழை பிடிச்சனியெல்லே! ஆனா பால்குடிப் பிள்ளையோடை பள்ளிக்கூடம் நடத்தேலாது. தோட்டத்துத் துரையின்ரை கட்டளை. பால் மறக்கடிச்சுப்போட்டு வா."

"அதுவரைக்கும் எடம் இருக்குங்களா?"

"இதென்ன கெலிஓயாக் கடையே, சாமானை எடுத்து வைக்க? பதினைஞ்சு நாள் பாப்பன்."

மார்பில் வேப்பெண்ணெய் பூசினாள். பிள்ளை முகத்தைச் சுளித்துச் சுளித்து அழுதது. பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. புருஷன் வலன்ரைன் கடன் சொல்லி டின் பால் வாங்கி வந்தான். பதினைந்தாம் நாள் கரும்பலகைக்கு முன் நின்றாள். கதிரையில் உட்கார்ந்து சம்பாதிப்பது அவள் வமிசத்திலேயே அதுதான் முதல் தடவை.

வேலையில் சேர்ந்த ஐந்தாம் மாதம் ஒரு காலையில், பள்ளிக்கூடத்துப் பின்புறம் அவள் குமட்டிக்கொண்டு நின்றதைப் பக்கத்து லயத்துச் சவரியம்மா பார்த்துவிட்டாள்.

"ஏன்டி டீச்சரம்மா, பால் குடுக்கிற வரைக்குந்தான்டி வகுறு பூட்டிக் கெடக்கும். நீயே சாவியத் தூக்கிக் குடுத்திட்ட. அஞ்சாவது படிச்சவளுக்கு இது தெரியலையா?"

"அத சிஸ்டர்மாரு சொல்லிக் குடுக்கலக்கா."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் கத்தரீனா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சேலையை எவ்வளவு விரித்துக் கட்டியும் வயிறு இன்னும் இரண்டு மாதந்தான் மறைந்தது.

"துரைக்குத் தெரிஞ்சு போச்சு," என்றார் பொன்னுத்துரை, அவள் முகத்தைப் பார்க்காமல். "நாளைக்கு வேறை ஆள் வருது. இண்டையான் இடாப்பை எழுதி முடிச்சுத் தந்திட்டுப் போ, பிள்ளை."

நின்றபடியே வருகைப் பதிவை எழுதினாள். பதிந்த பிள்ளைகள் முப்பத்திரண்டு. ஆண் பத்தொன்பது, வந்தவர் பதினேழு. பெண் பதின்மூன்று, வந்தவர் நாலு. வராத காரணம் எழுதும் கட்டத்தில், மிச்சமிருந்த ஒன்பது பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே வரி: வீட்டில் கைக்குழந்தை பார்க்கிறார்கள்.