தலைகீழ்ப் பூக்கள்

கிறிஸ்து பிறந்த நத்தார் நாளுக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே துணியில்தான் சட்டை. மரியநாயகியின் மகளும் அவள் தங்கை ஜோசப்பினின் மகளும் நடக்கத் தொடங்கியதிலிருந்து அப்படித்தான். மாதா கோயிலில் பார்ப்பவர்கள் இரட்டைப் பிள்ளைகளா என்று கேட்பார்கள். இந்த நத்தாரோடு அது முடிந்துவிடும். தை பிறந்ததும் ஜோசப்பின் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறுகிறது. மரியநாயகி வீட்டுக்காரருக்கு இலங்கையிலேயே பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது; ஜோசப்பின் வீட்டாருக்குக் கிடைக்கவில்லை.

டிக்கோயா கூட்டுறவுச் சங்கக்கடையில் கிடைத்த நீலப் பூத்துணியோ ஒன்றரைச் சட்டைக்குத்தான் வரும்போலிருந்தது.

மரியநாயகி கத்தரிக்கோலைத் தொடவில்லை. மகளின் கணக்குக் கொப்பியிலிருந்து கட்டம் போட்ட தாள்களைக் கிழித்து ஒட்டி, ஒரு கட்டம் இரண்டு அங்குலமென்று துணியின் அளவைச் சிறிதாக்கிக் கோடு போட்டாள். முன்பக்கம், முதுகு, கை என்று சின்னச் சின்னத் தாள் துண்டுகளை வெட்டி அதன்மேல் பரப்பினாள். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்தால் இதே வேலை.

"தாளையே தைச்சுப் போட்டுவிடப் போறியா அக்கா?" என்றாள் ஜோசப்பின்.

"சும்மா இரு புள்ள. மூச்சு விட்டாலே பறக்குது."

துண்டுகள் இடம் மாறிக்கொண்டிருக்கும் வரை எதுவும் முடிவாகவில்லை என்று மரியநாயகிக்கு ஓர் ஆறுதல். வெட்டினால் தைக்க வேண்டும். தைத்தால் நத்தார் வந்துவிடும். அதற்குப் பிறகு நினைக்கப் பிடிக்கவில்லை.

பிள்ளைகள் இரண்டும் ஒரே கட்டிலில் தலையும் காலுமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தவள், ஒரு துண்டின் குறுகிய தோளை அடுத்ததின் அகன்ற விளிம்புக்குப் பக்கத்தில் திருப்பி வைத்தாள். இரண்டு சட்டையும் துணிக்குள் அடங்கிவிட்டது.

துணியை விரித்த ஜோசப்பின் தயங்கினாள். "அக்கா, பூவெல்லாம் ஒரே பக்கமா நிமிர்ந்து நிக்குதே. இப்பிடி வெட்டினா ஒரு சட்டையில தலைகீழாத் தொங்கும்."

தாளில் பூ இல்லை. மரியநாயகி அதை யோசிக்கவே இல்லை.

"அத என் மகளுக்குக் குடு. போற எடத்துல யாரு பாக்கப்போறா?" என்றாள் ஜோசப்பின்.

"யாரும் பாக்கமாட்டாங்கன்னு தலைகீழா உடுத்தி அனுப்பணுமோ?" என்றாள் மரியநாயகி. பிறகு அவள் துண்டுகளை மாற்றி அடுக்கினாள். "முன்பக்கம் ரெண்டும் நிமிரட்டும். முதுகு ரெண்டும் தொங்கட்டும்."

"முன்னால ராணி, பின்னால கோமாளியா?"

"ரெண்டு பேருமே கோமாளிதான்டி."

இப்போதுதான் கத்தரிக்கோலை எடுத்தாள்.

நத்தார் காலையில் கோயிலுக்குப் போகும் வழியில் பிள்ளைகள் கைகோத்து முன்னால் நடந்தன. பாதி வழியில் சின்னவள் திரும்பி ஓடிவந்தாள்.

"பெரியம்மா, என் முதுகுல பூ கவுந்து கெடக்காம். அக்கா சொல்றா."

"அக்கா முதுகப் பாத்தியா?"

ஓடிப்போய்ப் பார்த்தாள். "அவளுக்கும் கவுந்துதான் கெடக்கு!" என்று கத்தினாள். மறுபடி கைகோத்துக்கொண்டார்கள்.

ஜோசப்பின் அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"மெதுவா நட அக்கா. அதுங்க முன்னால போகட்டும்."